நாலாம் நம்பர் எஞ்சின்

ஜூலை 12, சனி. காலை 5.50

எஞ்சின்கள்: 7. முடிந்தவை: 0. மதுரை மாடல் ரயில் கண்காட்சிக்கு மீதி: 22 நாள்.

காற்று இன்னும் எழவில்லை. ஏழரைக்கு எழும். எழுந்தால் தேனி அல்லிநகரம் முழுக்க மண். பெயிண்ட் வேலை அத்தோடு சரி. ஆக ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம். மில்லில் இந்த மாதம் எனக்கு இரண்டாம் ஷிப்டு, காலை நேரம் என் கையில். ஸ்பிரே அறை என்பது எங்கள் குளியலறை. தூசி பறக்காமல் இருக்கத் தரை, சுவர் எல்லாம் தண்ணீர் அடித்தாகிவிட்டது.

டிரங்குப் பெட்டியை இறக்கினேன். நிலவரம்:

எண் 1, 2, 3 — சாம்பல் பிரைமர் மட்டும்.
எண் 4 — நீலம், கிரீம். ஈசு அடித்தது. பெயிண்ட் முழுசாக முடிந்தது இது ஒன்றுதான். நம்பர், எழுத்து ஒட்டவில்லை.
எண் 5, 6 — பிரைமர். 6-ல் கூரை விசிறி உடைந்திருக்கிறது.
எண் 7 — ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பி இல்லை.

ஒவ்வொன்றும் பதினெட்டு சென்டிமீட்டர். போடி லைனில் ஓடிய பழைய மீட்டர்கேஜ் டீசல் எஞ்சின், எண்பத்தேழில் ஒரு பங்கு அளவில். பாலிடெக்னிக் இரண்டாம் வருடம் நானும் ஈசுவும் ஆரம்பித்தது. வெட்டு, ஒட்டு, சால்டரிங் நான். பெயிண்ட் அவன். எட்டு வருடம் ஆயிற்று. ஒரு நிஜ எஞ்சினைக்கூட இந்நேரம் கட்டி, ஓட்டி, கழித்துக் கட்டியிருப்பார்கள்.

அம்மா கதவைத் தட்டினாள்.

"குளிக்கணும்டா."

"எட்டு மணிக்கு."

"இந்த ரயிலு என்னைக்குடா ஓடும்?"

"ஓடாது. கண்ணாடிப் பெட்டிக்குள்ள நிக்கும்."

"நிக்கிறதுக்கா எட்டு வருசம்?"

ஸ்பிரே துப்பாக்கியை எடுத்தேன். எண் 1-க்கு முதல் கோட் சிவப்பு. ஓரத்தில் ஒரு கொசு விழுந்து ஒட்டிக்கொண்டது. எடுக்கப் போனால் கால் மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. காய்ந்ததும் தேய்க்க வேண்டும்.


ஜூலை 13, ஞாயிறு

வானம் மூட்டம். மேற்கே சாரல், இங்கே ஒரு துளி இல்லை.

ஈசு வந்தான். காமயகவுண்டன்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறான். ஒரு பை பன்னீர் திராட்சை. அம்மாவுக்கு அவனைக் கண்டால் வாயெல்லாம் பல்.

"வாய்யா ஈசு. பொண்டாட்டி வனிதா நல்லா இருக்கா?"

"நல்லா இருக்காத்தா. இவனுக்குப் பொண்ணு பாத்தியளா?"

"பொண்ணு வீட்டுக்காரவுக போன வாரம் வந்தாக. மாப்பிள்ள எங்கனன்னு கேட்டாக. பாத்ரூமுக்குள்ள ரயிலுக்குப் பெயிண்ட் அடிக்கிறான்னேன். காப்பியக் குடிச்சாக, போயிட்டாக."

இரண்டு பேரும் சிரித்து முடிக்கும்வரை நான் எண் 1-ல் கொசுக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

ஈசுவின் வலது கையைப் பற்றி ஒரு தடவை எழுதிவிடுகிறேன், பிறகு எழுத மாட்டேன். மூன்று வருடம் முன்னால் தோட்டத்தில் மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர் பெல்ட் கையை இழுத்துவிட்டது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டும் போய்விட்டன. அதற்கு முந்தின வருடம் அடித்ததுதான் எண் 4. பிரஷ் வேலை. ஸ்பிரே இல்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தேன், ஒரு பிரஷ் கோடு தெரியவில்லை. நீலமும் கிரீமும் சேரும் இடத்தில் டேப் ஒட்டாமல், வெறும் கையால், பதினெட்டு சென்டிமீட்டர் நேர்கோடு. என்னால் டேப் ஒட்டியும் முடியாது. இதை அவனிடம் சொன்னதில்லை.

எண் 4-ஐ எடுத்து வேட்டி நுனியால் துடைத்தான். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மாப்ள, இத மட்டும் என்னையக் கேக்காம தொடாத. நம்பர் நானே ஒட்டுறேன்."

"எந்தக் கையில?"

"இருக்குற கையில."

சரி என்றேன்.


ஜூலை 16, புதன்

1, 2, 3 சிவப்பு-கிரீம் முடிந்தது. 6-ன் விசிறியையும் 7-ன் கம்பியையும் சரி செய்து, 5, 6, 7 பச்சை. 3-ன் கூரை ஆரஞ்சுத் தோல் மாதிரி பொரிப்பொரியாக இருக்கிறது: தின்னர் குறைவு, துப்பாக்கி தூரம் அதிகம், என் தவறு. ஈரத்தாளால் தேய்த்து மறுபடி.

மில்லில் கார்டிங் மெஷின் பேரிங் போய்விட்டது. ஃபோர்மேன் "சத்தம் வருது, பாருங்க சார்" என்று இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். என்னிடம் சொல்லவில்லை. யாரிடம் சொன்னார்? மெஷினிடமா?

விரல் நகத்துக்குள் பச்சை. சாப்பாட்டில் தின்னர் வாசனை.


ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. காற்று இன்று ஆறு மணிக்கே எழுந்துவிட்டது. மொட்டை மாடித் தகரம் படபடவென்று அடிக்கிறது. வேலை இல்லை.

டெக்கால் தாள்கள் வந்தன. நம்பர், கோடு, ஷெட் பெயர் எல்லாம் அச்சடித்த தாள். வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் போட்டால் மேலே இருக்கும் படலம் மட்டும் நழுவும். அதை எஞ்சின் மேல் நகர்த்தி வைத்து, வினிகர் தொட்டு, பஞ்சால் ஒற்ற வேண்டும். அடியில் காற்று நின்றால் வெள்ளி பூத்த மாதிரி தெரியும். அந்த வெள்ளி வராமல் இருக்க, ஒட்டும் முன் பெயிண்ட் மேல் பளபளப்பாக, நிறமில்லாத ஒரு கிளியர் கோட் அடிக்க வேண்டும்.

கிளியர்: கார் பெயிண்ட் கடையில் வாங்கிய என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) கிளியர். பத்து நிமிடத்தில் காயும். காற்று நாளில் இதுதான் சரி.


ஜூலை 20, ஞாயிறு

மோசமான நாள். நான்தான் மோசம் பண்ணினேன்.

ஈசு பத்து மணிக்கு வந்தான். எண் 1-ல் அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இடது கையில் சாமணம். வலது கையில் மிச்சம் இருக்கும் கட்டைவிரல், மோதிர விரல், சுண்டுவிரலால் எஞ்சினைப் பிடித்துக்கொள்கிறான். படலம் நழுவுகிறது, மடிகிறது, மறுபடி தண்ணீர். நான் ஆறு நிமிடத்தில் என் பக்கத்தை முடித்தேன். போனில் நேரம் வைத்தேன். அவனுக்கு ஒரு நம்பருக்கு நாற்பத்தொரு நிமிடம்.

முடித்துவிட்டு, "எப்படி?" என்றான். நெற்றி முழுக்க வியர்வை.

வெர்னியரை எடுத்தேன். முதல் எழுத்திலிருந்து கீழ்க்கோடு 2.1 மி.மீ. கடைசி எழுத்திலிருந்து 2.7.

"அர மில்லி சாஞ்சிருக்கு. நிஜ எஞ்சின்ல அஞ்சு சென்டிமீட்டர். அப்படி ஒரு எஞ்சின ஷெட்ட விட்டே வெளிய விட மாட்டாக."

"தூரத்துல நின்னு பாத்தாத் தெரியாதுடா."

"தூரத்துல நின்னு பாத்தா ஒன் கைகூட முழுசாத்தான் தெரியும்."

சொன்னேன். வாயிலிருந்து வந்துவிட்டது என்று எழுத மாட்டேன். யோசித்துத்தான் சொன்னேன்.

அவன் சிரித்தான். "சரியாத்தான் சொல்ற," என்றான். நான் செல்லோடேப்பை நம்பர் மேல் அழுத்தி ஒரே இழுப்பில் உரித்தேன். நாற்பத்தொரு நிமிடம் டேப்போடு வந்துவிட்டது. என் பெயிண்ட் அசையவில்லை. அதில் ஒரு திருப்தி வேறு.

"இனிமே நீ தண்ணி மாத்து. தாள வெட்டிக் குடு. ஒட்டுறது நான்."

மூன்று மணிவரை தண்ணீர் மாற்றினான். தாள் வெட்டினான். இடது கையால் வெட்டியவை எல்லாம் நேராகவே இருந்தன. போகும்போது அம்மாவிடம், "ஆத்தா, ஒன் மகன் பெரிய ஆபீசர். என்னைய வாட்டர்மேன் வேலைக்குச் சேத்துருக்கான்," என்றான்.

அம்மா என்னைப் பார்த்தாள்.


ஜூலை 23, புதன்

ஈசுவுக்கு மெசேஜ்: "ஞாயிறு வா. எண் 4 பாக்கி." நீலக் குறி வந்தது. பதில் இல்லை.

2, 3 ஒட்டியாயிற்று. ஷெட் பெயர் தலைகீழாக ஒன்று. உரித்தேன். கடைசி மாற்றுத் தாளை ஒட்டினேன்; இனி இல்லை.


ஜூலை 25, வெள்ளி

பதில்: "திராட்ச வெட்டு. ஞாயிறு லோடு. வர முடியாது."

போன் செய்தேன். எடுக்கவில்லை. மாலை மறுபடி. எடுக்கவில்லை.

5, 6 முடிந்தது. 7 நாளை. கண்காட்சி விதி: ஏழு என்று பதிவு செய்தால் ஏழும் மேஜையில் இருக்க வேண்டும், ஏழிலும் நம்பர் இருக்க வேண்டும். நம்பர் இல்லாத எஞ்சின் எஞ்சின் இல்லை, டப்பா.


ஜூலை 27, ஞாயிறு. காலை 5.55

காற்று இல்லை. அதிசயம். ஆறும் முடிந்து வரிசையாக நிற்கின்றன. எண் 4 மட்டும் மொட்டையாக.

ஈசுவுக்குப் போன். அடித்து அடித்து நின்றது. லோடு ஏற்றிக்கொண்டிருப்பான். அல்லது என் பெயரைப் பார்த்துவிட்டு வைத்திருப்பான்.

எண் 4-க்குக் கிளியர் அடித்தேன்.

முதல் பத்து விநாடி அழகு. அந்த நீலம் தண்ணீருக்குள் இருப்பது மாதிரி ஆனது. அப்புறம் கூரை விளிம்பில் ஒரு சிறு மடிப்பு. எச்சில் பட்டுவிட்டதோ என்று நினைத்தேன். அது நகர்ந்தது. ஒரு நிமிடத்துக்குள் பக்கம் முழுக்க. ஆட்டுக்குடலைக் கழுவிப் போட்டது மாதிரி. நீலமும் கிரீமும் சேரும் அந்தக் கோடு நெளிந்து, உடைந்து, ஓரிடத்தில் பிரைமர் தெரியும்படி வாயைத் திறந்தது.

என் ஆறும் என்.சி. பெயிண்ட்; அவன் அடித்தது எனாமல். என்.சி.யில் இருக்கும் தின்னர் எனாமலை அடியோடு தூக்கிவிடும். பாலிடெக்னிக்கில் பெயிண்ட் பிராக்டிகலில் முதல் வாரம் சொல்லித் தந்தது. என்ன பெயிண்ட் என்று கேட்டுவிட்டு அடித்திருக்க வேண்டும்.

எட்டு மணிவரை குளியலறையிலேயே உட்கார்ந்திருந்தேன். அம்மா தட்டியதும் திறந்தேன்.

"என்னடா இது, வெந்து போன மாதிரி?"

"பெயிண்ட்டும்மா."

"ஈசு அடிச்சதுல்ல?"

நல்ல கண் அவளுக்கு.


ஜூலை 28, திங்கள்

ஈசுவே கூப்பிட்டான். "நேத்து லோடுல கெடந்தேன் மாப்ள. நாலு மிஸ்டு கால். என்ன?"

நிஜம், பொய் என்று இரண்டு வழி இருந்தது. இரண்டாவது வழியில் போனேன்.

"எண் 4 பொரிஞ்சுருச்சு."

"பொரிஞ்சுருச்சுன்னா?"

"ஒரு நம்பர் வச்சுப் பாக்கலாம்னு தண்ணி தொட்டேன். பெயிண்ட் எழும்பிருச்சு. பிரைமருக்கு மேல கை எண்ணெய் பட்டுக் கெடந்திருக்கு. நீ சரியாத் தொடைக்காம அடிச்சிருக்க."

அந்தப் பக்கம் தோட்டத்தில் மோட்டார் ஓடும் சத்தம்.

"அப்படியா," என்றான். "அப்ப என் கை அப்பவே சரியில்லாமத்தான் இருந்திருக்கு."

"அப்படி இல்லடா."

"இல்ல, நல்லதுதான். போனது நல்ல கைன்னு இத்தன நாளா நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். வனிதாட்டச் சொல்லிச் சொல்லிப் பீத்திக்கிருவேன். சரி விடு. நீ மத்த ஆற மட்டும் கொண்டு போ."

வைத்துவிட்டான்.

எதற்குச் சொன்னேன் என்று இங்கே எழுதிப் பார்த்தேன். நான்கு வரி. நான்கையும் அடித்துவிட்டேன். பயம், சோம்பேறித்தனம் என்று எதை எழுதினாலும் காரணம் சொல்லித் தப்பிக்கிற மாதிரி இருக்கிறது.


ஜூலை 30, புதன்

காலை ஒன்பது. காற்று பேய் மாதிரி. கதவைத் தட்டியது காற்று என்று நினைத்தேன். ஈசு.

கையில் எவர்சில்வர் தூக்குவாளி. அம்மா திராட்சை ரசம் என்று நினைத்து வாங்கப் போனாள். "இது ஆபீசருக்கு ஆத்தா," என்று உள்ளே வந்துவிட்டான். வாளிக்குள் தண்ணீர். தண்ணீருக்குள் ஒரு பிளாஸ்டிக் துண்டு, விரல் நீளம், பாதி நீலம், பாதி கிரீம்.

"இது என்னன்னு தெரியுதா? எண் 4 அடிச்ச அன்னைக்கு அடிச்சுப் பாத்த துண்டு. அதே டின்னு, அதே பிரைமர், அதே கை. மோட்டார் ரூம் ஜன்னல்ல வெயில்லயும் புகையிலயும் நாலு வருசம் கெடந்துச்சு. முந்தாநேத்து நீ சொன்னதும் தண்ணில போட்டேன். ரெண்டு ராத்திரி. எடு. நகத்தால சொரண்டு."

சுரண்டினேன். வரவில்லை.

"சாமணத்தால சொரண்டு."

வரவில்லை.

"ஆபீசருக்கு வெர்னியர் வேணுமா?"

அவன் மேஜையைப் பார்த்தான். தாள் சுற்றி வைத்திருந்த எண் 4-ஐப் பிரித்தான். அவன் முகத்தைப் பார்க்காமல் இருக்க நான் ஜன்னல் கொக்கியைச் சரி செய்தேன். பிறகு அவன் எஞ்சினை மூக்கருகே வைத்து முகர்ந்தான்.

"கிளியர் எங்க?"

"ஈசு…"

"எங்கடா?"

அலமாரியைக் காட்டினேன். அவனே எடுத்தான். துப்பாக்கியில் ஊற்றி என் கையில் கொடுத்தான். துண்டைத் துடைத்து, தாள் விரித்து, குளியலறைத் தரையில் வைத்தான்.

"அடி."

அடித்தேன். இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்து பார்த்தோம். அவன் சத்தமாக எண்ணினான். பதினெட்டில் முதல் மடிப்பு. முப்பதில் துண்டு முழுக்க. அறுபதுவரை நிறுத்தாமல் எண்ணினான்.

"ஒன்னைய அடிக்கணும் போல இருக்கு," என்றான். "ஆனா இந்தக் கையால அடிச்சா ஒனக்கு எங்கன வலிக்கப் போகுது."

"தப்புதான்டா. போன் போட்டேன், நீ எடுக்கல."

"எடுக்கலன்னா அடிச்சிருவியா? சரி, அடிச்ச. கெட்டுப் போச்சு. 'ஈசு, கெடுத்துட்டேன்'னு சொல்லியிருந்தா நாலு கெட்ட வார்த்தையோட முடிஞ்சிருக்கும். என் கையில எண்ணெங்கிற. ரெண்டு நாளா சோத்தப் பெசையும்போது கையையே பாத்துக்கிட்டு இருந்தேன்டா."

அம்மா வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. ஈசு அவளைப் பார்த்ததும் குரலை இறக்கினான். அந்த இறக்கிய குரல்தான் மோசம்.

"மதுரைக்கு ஏழும் போகணும். இத சொரண்டக் கூடாது, மறுபடி அடிக்கக் கூடாது. நம்பர் ஒட்டாம இப்படியே வையி. நானும் வாரேன். யாராச்சும் 'இது ஏன் இப்படி இருக்கு'ன்னு கேப்பாக. கேட்டா, எங்கிட்டப் போன்ல சொன்னத அங்கன சொல்லு. பெயிண்ட் அடிச்சவன் கை சரியில்லன்னு. நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

"லூசாடா நீ?"

"இல்லாட்டி எது நெசமோ அதச் சொல்லு. ரெண்டுல ஒன்னு. சும்மா மட்டும் நிக்காத."

தூக்குவாளியைக் கவிழ்த்துத் தண்ணீரைக் குளியலறையில் ஊற்றிவிட்டுப் போனான். அம்மா கொடுத்த காப்பியைக் குடிக்கவில்லை. அவன் எங்கள் வீட்டில் காப்பி குடிக்காமல் போனது இதுதான் முதல் தடவை.

அம்மா: "அவுக அப்பன் செத்தப்பக்கூட அந்தப் பய இங்கன வந்து காப்பி குடிச்சுட்டுத்தான்டா போனான்."


ஆகஸ்ட் 2, சனி

பேக்கிங். ஏழு டப்பா, ஏழு ஸ்பாஞ்சு. சாமணம், வினிகர், பஞ்சு, மெல்லிய பிரஷ். பதிவுச் சீட்டு. நம்பர் விதி பற்றிக் கண்காட்சிச் செயலாளருக்குப் போன்: "ஒன்னுல நம்பர் இல்ல சார்." "பரவாயில்ல, கொண்டு வாங்க." விதி என்று அச்சடித்தவர்களே இப்படிச் சொல்கிறார்கள்.

சொல்ல வேண்டியதைப் பலவிதமாகச் சொல்லிப் பார்த்தேன், மில் டூல் ரூமில் தனியாக. "நான்தான் கெடுத்தேன்." மூன்று விநாடி. டெக்காலைவிடச் சின்ன வேலை.


ஆகஸ்ட் 4, திங்கள். காலை 6.10

நேற்றையது.

பஸ்ஸில் ஈசு முன்னாலேயே இடம் போட்டு வைத்திருந்தான். எனக்கும். கம்பத்திலிருந்து ஏறி வந்தவன். ஆடிப் பதினெட்டு, பஸ் முழுக்க மஞ்சள் புடவை, தேங்காய், பூக்கூடை. உசிலம்பட்டியில் ஒரு அம்மா அவன் கையைப் பார்த்து, "பட்டாசாய்யா?" என்றாள். "இல்லத்தா, பெல்ட்டு." "வலிக்குதாய்யா?" "இப்ப இல்லத்தா."

ஒரு பள்ளிக்கூட ஹால். முப்பது மேஜை. எங்களுடையது மின்விசிறிக்கு அடியில். ஏழையும் வைத்தேன். எண் 4-ஐ ஓரத்தில் வைத்தேன். ஈசு எடுத்து நடுவில் வைத்தான். பக்கத்தில் கைகட்டி நின்றான்.

இரண்டு மணி நேரம் யாரும் எதுவும் கேட்கவில்லை. வந்தார்கள், படம் எடுத்தார்கள், "ஓடுமா?" என்றார்கள், ஓடாது என்றதும் ஓடுகிற மேஜைக்குப் போனார்கள். நான் ஒவ்வொரு முகத்துக்கும் வாயைத் திறந்து திறந்து மூடினேன். ஈசு நகரவில்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குச் செயலாளரும் இரண்டு நடுவர்களும். செயலாளர் வயதானவர், கழுத்தில் லென்ஸ். என் ஆறையும் பார்த்தார். "சுத்தமான வேலை. டெக்கால் நூல் பிடிச்ச மாதிரி இருக்கு. ஆனா என்ன, கடையில வாங்கின மாதிரி இருக்கு."

எண் 4-க்கு வந்தார். குனிந்தார். லென்ஸை எடுத்தார். நிமிரவே இல்லை.

"இங்க வாங்க சார், இதப் பாருங்க," என்று நடுவர்களைக் கூப்பிட்டார். "யார்டு மூலையில பத்து வருஷம் வெயில்ல கெடந்த எஞ்சின். பெயிண்ட் வெடிச்சு, சுருண்டு, அடி பிரைமர் தெரியுது பாருங்க. நம்பரக்கூட அழிஞ்ச மாதிரி விட்டிருக்காங்க. புதுசப் பழசாக் காட்டுற இந்த வெதரிங் யார் பண்ணது?"

ஈசு என்னைப் பார்த்தான். நான் எதிர்பார்த்த கேள்வி இல்லை இது. அவன் எதிர்பார்த்ததும் இல்லை. ஈசு என்று சொன்னால் அவன் பெயரில் இன்னொரு பொய். நான் என்று சொன்னால் நிஜம். ஆனால் அந்த நிஜத்துக்கு அங்கே மாலை போடுவார்கள்.

"சொல்லு மாப்ள," என்றான். மெதுவாக.

"நான்தான் சார். பெயிண்ட் இவன் அடிச்சது. ரொம்ப நல்லா அடிச்சிருந்தான். நான் கெடுத்துட்டேன். வேணும்னு பண்ணல."

செயலாளர் சத்தமாகச் சிரித்தார். "நல்லா அடிச்ச பெயிண்ட்டக் கெடுக்க மனசு வரணும் தம்பி. அதுக்குத்தான் தைரியம் வேணும்." நடுவர்களும் சிரித்தார்கள். ஒருவர் என் தோளைத் தட்டினார். நான் மறுபடி, "இல்ல சார், நெசமாவே தப்பு நடந்துருச்சு," என்றேன். "நல்ல வெதரிங் எல்லாம் அப்படித்தான் வரும்," என்றார். எழுதிக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்கள்.

மூன்று மணிக்கு மைக்கில் என் பெயர். வெதரிங் பிரிவில் முதல் பரிசு. போகாமல் இருந்திருக்கலாம். போனேன். ஷீல்டு, போட்டோ. மேடையிலிருந்து பார்த்தபோது ஈசு எங்கள் மேஜையின் பக்கத்தில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தான். கேலியாக இல்லை. எல்லாரும் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் தட்டினான்.

திரும்பும்போது பஸ்ஸில், ஆண்டிபட்டி தாண்டி:

"நெசத்தச் சொல்லிட்டடா. நான் கேட்டத நீ செஞ்சுட்ட. ஒன் மேல இனிமே ஒரு குத்தம் சொல்ல முடியாது."

"ஈசு, நான் பரிசு வேணாம்னுதான்…"

"பேசாத. குத்தம் சொல்ல முடியலங்கிறதுதான் எரிச்சலா இருக்கு."

தேனியில் நான் இறங்க வேண்டும், அவன் கம்பம் போக வேண்டும். எண் 4 டப்பாவை அவன் மடியில் வைத்தேன். திருப்பி என் கையில் வைத்தான்.

"இது ஒன்னோடது. நீ பண்ணதுக்குத்தான குடுத்தாக."

"நீ அடிச்சதுடா."

"நான் அடிச்சது நேர் கோடு. அது இதுல இல்ல."

கண்டக்டர் விசில் அடித்தார். இறங்கினேன். ஜன்னல் ஓரம் அவன் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

இனிச் செய்ய வேண்டியவை:

1. ஷீல்டு பரண் மேல். அம்மா டி.வி. பக்கத்தில் வைத்திருக்கிறாள். எடுக்க வேண்டும்.

2. செயலாளருக்குக் கடிதம். அது வெதரிங் இல்லை, எனாமல் மேல் என்.சி. கிளியர். முழுசாக, தேதியோடு. பரிசைத் திருப்பி அனுப்புவதாக. சிரிப்பார். சிரிக்கட்டும்.

3. எண் 4-ஐச் சுரண்டுவதில்லை, திருத்துவதில்லை, வேறு எங்கேயும் காட்டுவதில்லை.

4. சனிக்கிழமை காமயகவுண்டன்பட்டி. வெறுங்கையோடு. வனிதா இருந்தால் அவள் முன்னாலேயே.

5. சொல்ல வேண்டியது, இந்த நோட்டிலும் இதுவரை எழுதாதது: 27-ஆம் தேதி காலை, அடிப்பதற்கு முன், தின்னர் தொட்ட பஞ்சால் எண் 4-ன் அடியில் துடைத்துப் பார்த்தேன். நீலம் சுருங்கிப் பஞ்சோடு எழும்பி வந்தது. எனாமல் என்று தெரியும். பஞ்சைக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் துப்பாக்கியை எடுத்தேன். "வேணும்னு பண்ணல" என்று நேற்று சொன்னது பொய். அந்தக் கோட்டை லென்ஸில் பார்த்த நாளிலிருந்து எனக்குப் பொறுக்கவில்லை.

6. கேட்டுவிட்டு என்னை அவன் என்ன சொன்னாலும் பதில் பேசக் கூடாது. சும்மா போகச் சொன்னால் போய்விட வேண்டும்.